உதயதாரகையின் இளம் எழுத்தாளர்: வட்டுக்கோட்டை கற்றதும் கற்பித்ததும்

1. முன்னுரை

1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமைந்திருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து ஒரு சிறு பத்திரிகை வெளிவந்தது. 'உதயதாரகை' என்பது அதன் தமிழ்ப் பெயர். 'மோர்னிங் ஸ்டார்' என்பது ஆங்கிலப் பெயர். இரு மொழிகளிலும் திங்களுக்கு இருமுறை வெளிவந்த இப்பத்திரிகையே இலங்கையின் முதல் தமிழ்ச் செய்தித்தாள் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் ஆசிரியர் இருவர். ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன அவர்தம் பெயர்கள். பெயர்களைக் கேட்போர் அவர்களை அமெரிக்கர் என்றே எண்ணுவர். ஆனால் அவ்விருவரும் யாழ்ப்பாணத் தமிழர். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று வெளியேறிய மாணாக்கர்.

திருச்சபை வரலாற்று நூல்களில் உதயதாரகையைப் பற்றி ஓரிரு வரிகள் காணப்படுவதுண்டு. அச்சகம் நிறுவியவர் இன்னார், பத்திரிகை தொடங்கிய ஆண்டு இன்னது என்பதோடு அக்குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. பத்திரிகை எழுதுவது எவ்வாறென்பதை அறியாத ஒரு சமுதாயத்தில் இளைஞர் சிலர் அத்தொழிலை எங்ஙனம் கற்றனர், கற்றதை யார் யாருக்குப் பகிர்ந்தனர், பகிர்ந்ததால் திருச்சபைக்கு விளைந்தது ஆதாயமா இழப்பா என்னும் வினாக்கள் அங்கு எழுப்பப்படுவதில்லை. ஊழியத்திற்கு ஆயத்தமாகும் நம் மாணவருக்கு இவ்வினாக்கள் மிகவும் வேண்டியவை என்பதனாலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

2. அச்சுப்பொறி இருந்தும் அச்சில்லாத காலம்

அமெரிக்க மிஷனரிமாரான டேனியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலியோர் 1816இல் இலங்கையை வந்தடைந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் கையாண்டு பாழடைந்து கிடந்த ஆலயங்களே அவர்தம் முதல் இருப்பிடங்களாயின. பள்ளிகளைத் தொடங்கிய அவர்களுக்குப் புத்தகங்கள் வேண்டியிருந்தன. அச்சுப்பொறியும் அதனை இயக்க ஜேம்ஸ் காரெட் என்னும் அச்சுத் தொழிலாளரும் 1820இல் வந்து சேர்ந்தபோது, ஆளுநர் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் காரெட்டைத் தீவை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். அமெரிக்கர் மேலும் வருவதை அவ்வரசு விரும்பவில்லை. காரெட் பம்பாய்க்குச் சென்று அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பணியாற்றினார். யாழ்ப்பாணத்து அச்சுப்பொறி நல்லூரிலிருந்த சர்ச் மிஷன் சங்கத்தார் கைக்குப் போயிற்று.

அச்சுப்பொறி கையில் இல்லாத அவ்வாண்டுகளில் மிஷனரிமார் பழைய வழியையே நாடினர். துண்டுப் பிரசுரங்களும் வேதப்பகுதிகளும் பனையோலையில் எழுத்தாணி கொண்டு படியெடுக்கப்பட்டன. ஓலையில் எழுதுவோன் வீணான சொல்லொன்றையும் சேர்க்கத் துணியான். ஒவ்வோர் எழுத்தும் விரலுக்கு வலி தருவது. பிழையாகக் கீறியதை எளிதில் அழிக்கவும் முடியாது. படியெடுக்கும் ஒருவன் தான் எழுதும் கருத்தை ஒருமுறையன்றிப் பலமுறை மனத்தில் உருட்ட வேண்டியவனாகிறான். அச்சு மறுக்கப்பட்டதனால் நேர்ந்த துன்பம் உண்மையே. எனினும் சுருங்கச் சொல்லுதலும் திருத்தமாகச் சொல்லுதலும் ஓலை கற்பித்த பாடங்கள் என்பதை மறுத்தற்கில்லை.

பின்னர் அரசின் போக்கு மாறிற்று. ஆளுநர் வில்மொட் ஹோர்ட்டன் காலத்தில் தடை நீங்கியது. ஈஸ்ட்மன் மைனர் என்னும் அச்சுத் தொழிலறிஞர் வந்து சேர, 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கிற்று. எழுத்துக் கோத்தல், மை தடவுதல், படி திருத்தல், நூல் கட்டுதல் ஆகிய தொழில்களை ஊர் இளைஞர் அங்கே கற்றனர். 1842இல் வெளிவந்து 'மானிப்பாய் அகராதி' என்று பெயர் பெற்ற யாழ்ப்பாண அகராதி அவ்வச்சகத்தின் பெரும் பேறுகளுள் ஒன்று. பத்திரிகையும் அகராதியும் ஒரே காலத்தில் ஒரே கூரையின்கீழ் உருவாயின என்பது தற்செயல் எனினும் பொருளுடையது. சொல்லின் பொருளை ஆராய்வோரும் சொல்லைக்கொண்டு செய்தி உரைப்போரும் அடுத்தடுத்து நின்று வேலை செய்த இடம் அது.

3. வட்டுக்கோட்டைச் செமினரியின் பயிற்சி

1823இல் டேனியல் பூவரின் தலைமையில் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச்சாலை தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அது செமினரி என்னும் பெயர் கொண்டது. போதகரையும் உபதேசியாரையும் ஆயத்தப்படுத்துதல் அதன் நோக்கமாயினும், அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதபாடம் மட்டுமல்ல. தமிழ் இலக்கணமும் இலக்கியமும், ஆங்கிலம், வடமொழி, கணிதம், வானநூல், இயற்கை நூல் ஆகியனவும் பாடங்களாயிருந்தன. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தென்னன்ற், 1850இல் வெளிவந்த தமது நூலில், இக்கல்விச்சாலையை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தயங்கவில்லை.

பத்திரிகைத் தொழில் என்றொரு பாடம் அங்கு இருந்ததில்லை. ஆயினும் அத்தொழிலுக்குரிய மூன்று திறன்கள் அக்கல்வியில் அடங்கியிருந்தன.

முதலாவது, மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் விளக்கவும், தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் உரைக்கவும் மாணவர் பழகினர். பிறமொழிக் கருத்தைத் தன் தாய்க்கும் தன் ஊர் முதியவர்க்கும் விளங்கும்படி சொல்ல முயலும் மாணவன், தான் உண்மையில் விளங்கிக் கொண்டானா என்பதை அப்போதே கண்டுகொள்கிறான்.

இரண்டாவது, சோதித்தறிதல். 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் ஒரு கணக்கும் பூவர் மற்றொரு கணக்கும் கூறினர். தொடங்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருந்தது. அன்றிரவு மாணவரும் ஊராரும் வானத்தைப் பார்த்து இரு கணக்குகளையும் ஒப்பிட்டனர். பூவரின் கணக்கே பொருந்திற்று. மிஷனரிமார் இதனைச் சமய வெற்றியாகவே கொண்டாடினர். கிரகணத்தின் நேரம் சரியாயிருந்ததனால் ஒருவருடைய சமயம் மெய்யாகிவிடாது என்பதை இன்று நாம் அறிவோம். ஆனால் மாணவன் கற்றுக்கொண்ட வேறொன்று உண்டு. யார் சொன்னாலும், நேரத்தைக் குறித்துவைத்து வெளியே வந்து கண்ணாலே பார்க்க வேண்டும் என்பதே அது. செய்தி எழுதுவோனுக்கு இதைவிட நல்ல தொடக்கப்பாடம் இல்லை.

மூன்றாவது, கேட்போரை அறிதல். மாணவர் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று பிரசுரங்களை வாசித்துக் காட்டினர். திண்ணையிலும் சந்தையிலும் வாசித்தபோது எதிர்க்கேள்விகள் பிறந்தன. எந்தச் சொல் விளங்கவில்லை, எந்தச் சொல் புண்படுத்தியது என்பதை அறிய அறைக்குள் இருந்து எழுதுவோனுக்கு வாய்ப்பில்லை. வாசித்துக் காட்டிய இளைஞனுக்கு அது உடனே தெரிந்தது.

இங்குப் பெயர்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலர், தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடுமாறு கேட்டுக்கொள்வது வழக்கமாயிருந்தது. இந்தியாவிலும் பாரசீகத்திலும் உழைத்து 1812இல் மரித்த ஆங்கில மிஷனரி ஹென்றி மார்ட்டினின் பெயர் யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கு வந்தது இவ்வழியில்தான். அன்பின் அடையாளமாகவே அப்பெயர்கள் கொடுக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் தாயிட்ட பெயரை இழந்து, கடல் கடந்த ஒருவரின் பெயரால் தன் மக்களிடம் பேச வேண்டியிருந்த எழுத்தாளனின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் சொல்வது அவன் சொல்லா, அயலார் சொல்லா என்று ஊரார் ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை.

4. தாரகையின் பக்கங்கள்

கல்வி, அறிவியல், இலக்கியம், வேளாண்மை, அரசியல், சமயம் ஆகியவற்றைக் குறித்த கட்டுரைகளும் செய்திச் சுருக்கமும் தருவதே தன் நோக்கம் என்று உதயதாரகை தொடக்கத்திலேயே அறிவித்தது. இவ்வரிசையில் சமயத்தோடு வேளாண்மையும் அரசியலும் ஒருங்கே இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. மக்கள் வாழ்வின் எப்பகுதியும் கிறிஸ்தவ எழுத்துக்குப் புறம்பானதன்று என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது. 1831இல் சென்னையில் கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரச் சங்கத்தார் 'தமிழ் மேகசின்' என்னும் இதழை வெளியிட்டிருந்தனர். ஆயினும் தமிழரே ஆசிரியராயிருந்து தம் ஊராருக்குச் செய்தியும் கருத்தும் வழங்கிய முயற்சி என்ற வகையில் தாரகைக்குத் தனியிடம் உண்டு.

அக்காலத்துத் தமிழில் உரைநடை இல்லாமலில்லை. உரையாசிரியரின் நடை இருந்தது, வீரமாமுனிவர் போன்றோர் எழுதிய சமய உரைநடையும் இருந்தது. ஆனால் இன்று நடந்ததை நாளை படிப்போனுக்குச் சொல்லும் நடை இன்னும் பிறக்கவில்லை. செய்யுளில் சொல்லப்படாதது கற்றோர் மதிப்பைப் பெறாத காலம் அது. எங்கே, எப்போது, யார், எவ்வளவு என்பவற்றை அணியும் உவமையுமின்றிக் கூற ஒரு தமிழ் வாக்கியம் வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை ஒருவர் உட்கார்ந்து வகுத்துத் தரவில்லை. இருவாரத்திற்கு ஒருமுறை பக்கங்களை நிரப்பியாக வேண்டிய கட்டாயத்தில் இருந்த இளைஞர், எழுதி எழுதி அதனை உண்டாக்கினர். அவ்வெழுத்தில் ஆங்கில வாக்கியத்தின் சாயலும், வடசொல்லின் மிகுதியும் காணப்படும். குறைகளோடுகூடிய அந்நடையே பின்வந்தோர் திருத்திச் செப்பமிட்ட மூலப்பொருளாயிற்று.

5. எதிர்ப்புக்கும் இடந்தந்த பத்திரிகை

உதயதாரகை ஒரு சமயத்தின் பத்திரிகை. சைவ வழிபாட்டையும் புராணங்களையும் அது கண்டித்து எழுதியது. அக்கண்டனங்களுட் சில அயலாரின் பக்தியை மதியாத கடுஞ்சொற்களாயிருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அப்பத்திரிகை ஒரு காரியம் செய்தது. தன் கடிதப் பகுதியில் எதிர்த்தரப்பாருக்கும் இடந்தந்தது.

அவ்விடத்தைப் பயன்படுத்திக் கொண்டோருள் ஓர் இளைஞர் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுகம்பிள்ளை, அதாவது ஆறுமுக நாவலர், தம் இருபது வயதையொட்டிய நாட்களில் உதயதாரகையில் சைவத்தின் சார்பாகக் கடிதம் எழுதினார் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. பழைய ஏற்பாட்டு ஆலயத்தில் பலி, தூபம், தீபம், நைவேத்தியம் ஆகியன இறைவனாலேயே விதிக்கப்பட்டிருக்க, அவற்றையொத்த சைவ வழிபாட்டை மட்டும் அறியாமை என்று பழிப்பது எவ்வாறு முறையாகும் என்பது அவ்வாதத்தின் சாரம். வேதத்தை வேதத்தாலேயே எதிர்த்த கூர்மையான வினா இது. ஆசிரியர்கள் கடிதத்தைப் புறக்கணிக்கவில்லை. அச்சிட்டார்கள், பின்னர் விடையும் எழுதினார்கள்.

நாவலர் வெஸ்லியன் மிஷனின் பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்து, பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் திருப்புதலுக்குத் துணைபுரிந்தவர். மிஷனின் புத்தகங்களையும் பிரசங்க முறையையும் பள்ளி நடத்தும் வகையையும் அருகிருந்து கண்ட அவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் சென்னையிலிருந்து அச்சுப்பொறி வாங்கி வந்து சொந்த அச்சகம் நிறுவினார். பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் அவரால் எழுந்தன. சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறியிட்டு, கற்கத் தொடங்குவோனும் படிக்கும்படி நூல் பதிப்பித்த முறை அவரால் தமிழில் வேரூன்றிற்று. யாரை மனந்திருப்ப மிஷன் எண்ணியதோ அவரிடமே மிஷனின் கலை சென்று சேர்ந்து மிஷனுக்கு எதிராகத் திரும்பிற்று.

இதனை இழப்பு என்றே அக்காலத்தார் கருதினர். நாம் அவ்வாறு கருத வேண்டுமா? பாளையத்தில் எல்தாதும் மேதாதும் தீர்க்கதரிசனம் உரைத்தபோது அவர்களைத் தடுக்குமாறு யோசுவா மோசேயை வேண்டிய நிகழ்ச்சி எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது. மோசே தடுக்கவில்லை, தம்பொருட்டு வைராக்கியம் கொள்ள வேண்டாமென்று யோசுவாவையே திருத்தினார். எல்தாதும் மேதாதும் ஒரே மக்களைச் சேர்ந்தவர். நாவலரோ நம் சபைக்கு வெளியே நின்றவர். எனவே இவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. ஆயினும் வரம் என்பது தலைவனின் உடைமையன்று என்னும் படிப்பினை இரண்டுக்கும் பொது. எழுத்தறிவைக் கொடுத்தவன், அதனைப் பெற்றவன் எழுதப்போவதையும் தீர்மானிக்க எண்ணினால், அவன் கொடுத்தது அறிவன்று.

6. கடல் கடந்த கலை

வட்டுக்கோட்டையில் கற்ற கலை யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடவில்லை. 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியபோது, அதனைத் தொடங்கச் சென்றோர் யாழ்ப்பாணத்து மிஷனரிமாரும் அவர்களோடு துணைநின்ற வட்டுக்கோட்டை மாணாக்கருமே. நம் தென்தமிழ்நாட்டுச் சபைகளுள் சிலவற்றின் பள்ளிகளும் பிரசுரங்களும் அக்கடனுக்கு உட்பட்டவை.

சென்னையில் 1855இல் பெர்சிவல் 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியப் பொறுப்புக்கு அவர் நாடியது சிறுப்பிட்டியில் பிறந்து வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையை. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று. அவரும், வட்டுக்கோட்டையில் பயின்று கற்பித்த கறல் விசுவநாதபிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். பின்னாளில் தாமோதரம்பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் படியொப்பிட்டு, 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். பல பிரதிகளை ஒப்பிட்டு உண்மைப் பாடத்தைத் தெளியும் பதிப்பாசிரியரின் பணிக்கும், பல வாய்மொழிகளை ஒப்பிட்டு உண்மை நிகழ்ச்சியைத் தெளியும் பத்திரிகையாசிரியரின் பணிக்கும் அடிப்படை ஒன்றே.

தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் பின்னர் சைவத்தையே தழுவினர். மதமாற்றக் கணக்கேட்டை மட்டும் பார்ப்போருக்கு இவர்கள் இழப்புப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவர். தமிழ் மக்களின் நன்மையைப் பார்ப்போருக்கு வேறு விடை கிடைக்கும்.

7. 1855ஆம் ஆண்டின் தீர்ப்பு

அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமை கணக்கேட்டையே பார்த்தது. 1855இல் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு வட்டுக்கோட்டைச் செமினரியை ஆராய்ந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் ஊழியத்திற்கு வருவதை விட அரசுப் பணிக்கும் வணிகத்திற்கும் செல்வதே மிகுதி. மிஷனின் பணம் உபதேசத்திற்கன்றி உலகக் கல்விக்குச் செலவாகிறது. தாய்மொழியில் கற்ற எளிய போதகரே கிராமச் சபைகளுக்கு வேண்டும் என்பன அக்குழுவின் எண்ணங்கள். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது.

அண்டர்சனின் வாதத்தில் உண்மையில்லை என்று தள்ளிவிட இயலாது. சுதேசச் சபை தன் மொழியில், தன் காலில் நிற்க வேண்டுமென்று மிஷனரி உலகில் அழுத்தமாகக் கூறியவருள் அவர் ஒருவர். தாய்மொழியை உயர்த்திய அதே கையாலேயே, தாய்மொழியில் எழுதும் இளைஞரை உருவாக்கிய கல்விச்சாலை மூடப்பட்டது என்பதுதான் வருத்தத்திற்குரியது. பயன் எத்தனை பேர் என்று எண்ணிய கணக்கில், அவர்கள் எழுதியதை வாசித்தவர் எண்ணப்படவில்லை. யாழ்ப்பாண மக்கள் உயர்கல்வியை விடாது வேண்டி நின்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. இடையில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

8. மூடப்பட்ட பின்பும் நின்ற ஒருவர்

கல்விச்சாலை மூடப்பட்டபோது பத்திரிகையும் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1820இல் மானிப்பாயில் பிறந்து வட்டுக்கோட்டையில் பயின்ற அ. சதாசிவம்பிள்ளை 1857இல் உதயதாரகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஜே. ஆர். ஆர்னல்ட் என்பது அவர் ஞானஸ்நானப் பெயர். 1896இல் மரிக்கும் வரையிலும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தாரகையோடு அவர் பெயர் இணைந்திருந்தது. ஆசிரியராயிருந்து இளைஞர்க்குத் தமிழ் கற்பித்தலும் பத்திரிகை நடத்துதலும் அவருக்கு இருவேறு தொழில்களாக இருக்கவில்லை.

அவர் எழுதிய நூல்களுள் 1886இல் வெளிவந்த 'பாவலர் சரித்திர தீபகம்' தலைசிறந்தது. நானூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவரின் வரலாற்றுக் குறிப்புகள் அதில் அகரவரிசையில் தொகுக்கப்பட்டுள்ளன. சைமன் காசிச்செட்டி 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்னும் நூலின் வழிநின்று, அதனினும் விரிவாகத் தமிழில் செய்யப்பட்ட முயற்சி இது. அந்நூலில் சைவரும் வைணவரும் சமணரும் கிறிஸ்தவரும் தம்தம் தகுதிக்கேற்ப இடம் பெறுகின்றனர். தம் சமயத்திற்காக எழுதிய ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையாசிரியர், பிற சமயப் புலவரின் வாழ்வையும் நூல்களையும் தேடித் தொகுத்துக் காத்தார். பத்திரிகைத் தொழில் ஒருவரிடம் முதிரும்போது, வாதத்தில் வெல்லும் ஆசை குறைந்து உள்ளதை உள்ளவாறு பதிவு செய்யும் பொறுமை பெருகும் என்பதற்கு ஆர்னல்ட் சான்று.

சமயப் பத்திரிகைகளும் பெருகின. 1876இல் கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவலன்' தோன்றியது. 1889இல் சைவ பரிபாலன சபையாரின் 'இந்து சாதனம்' தோன்றியது. தாரகை ஏற்றிய விளக்கிலிருந்தே பிறர் தம் விளக்கை ஏற்றினர் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் செய்தித்தாள் படிக்கும் பழக்கமுள்ள ஒரு மக்களை அது உண்டாக்கி வைத்திருந்தது. அச்சுத் தொழில் அறிந்த கைகளும் அங்கு ஆயத்தமாயிருந்தன.

9. நமக்குரிய பாடங்கள்

இவ்வரலாற்றை நான் வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தால் தேடவில்லை. என் முதற் சேகரத்தில் இளம் ஆயராயிருந்தபோது மாதப் பத்திரிகையொன்றை நடத்தினேன். ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் பொறியில் இருநூறு படிகள் எடுப்போம். ஒருமுறை அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தைப் பற்றி எழுதும்போது, பெயர் குறிப்பிடாமல், ஒரு குடும்பத்தார் சென்ற ஆண்டு ஏலம் எடுத்த தொகையை இன்னும் செலுத்தவில்லை என்று எழுதினேன். ஊரில் பெயர் வேண்டுவதில்லை, யாவருக்கும் தெரிந்துவிட்டது. நான் ஒருவரிடம் கேட்டேன், கணக்கேட்டைப் பார்த்தேன், அவ்வளவே. அக்குடும்பத்தாரிடம் கேட்கவில்லை. அவர்கள் தொகையை முன்னரே உபதேசியார் ஒருவரிடம் கொடுத்திருந்தனர். அவர் மாற்றலாகிச் சென்றபோது அது கணக்கில் ஏறாமல் போயிருந்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவ்வீட்டுப் பாட்டியம்மா மூன்று மாதம் நற்கருணைக்கு வரவில்லை. பின்னொரு நாள் சபை வீடொன்றில் ஜெபிக்கச் சென்றபோது, அவர்களுடைய வேதாகமத்துக்குள் என் பழைய இதழ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது பிழையான இதழ். திருத்தம் வந்த இதழ் அங்கு இல்லை. நீதிமொழிகள் 18:17 வழக்கில் முதலில் பேசுவோனைப் பற்றிக் கூறுவதை நான் பலமுறை பிரசங்கித்திருந்தேன். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

இறையியல் கல்லூரிகளில் பிரசங்கக் கலைக்குத் தரப்படும் பயிற்சியில் ஒரு பங்கேனும் எழுத்துக்குத் தரப்படல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. பிரசங்கம் காற்றில் கரையும், கேட்டவர் மறப்பர். அச்சிட்டது மடித்து வைக்கப்படும். இன்றோ கைப்பேசியில் எழுதியது ஒரு நொடியில் ஆயிரம் பேரை அடைகிறது. திருத்தம் அவர்களுள் நூறு பேரையும் அடைவதில்லை.

உதயதாரகையின் வரலாறு நம் மாணவருக்குத் தரும் பாடங்களைத் தொகுத்துக் கூறலாம்.

(அ) கேட்டதை எழுதுமுன் கண்டறிதல். லூக்கா தம் நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களில், கண்ணாரக் கண்டவர்களின் சாட்சியையும், தாம் ஆதிமுதல் ஆராய்ந்ததையும், ஒழுங்காய் எழுதத் துணிந்ததையும் கூறுகிறார். ஆவியானவரின் ஏவுதல் அவரை விசாரணையிலிருந்து விடுவிக்கவில்லை.

(ஆ) எளிய மக்களின் மொழியில் எழுதுதல். திண்ணையில் வாசித்துக் காட்டக் கூசும் வாக்கியத்தை அச்சேற்றலாகாது.

(இ) மறுப்புக்கு இடமளித்தல். எதிர்ப்பவனின் கடிதத்தை வெளியிட்டுப் பின் விடையெழுதிய ஆசிரியரின் துணிவு, நம் திருச்சபைப் பத்திரிகைகள் பலவற்றில் இன்று காணப்படுவதில்லை. திருமண்டலத் தேர்தல் காலத்து இதழ்களைப் படிப்போருக்கு நான் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

(ஈ) கற்றதைக் கணக்குப் பாராமல் கற்பித்தல். இளைஞர் ஒருவருக்கு எழுதக் கற்பிக்கும் ஆயர், அவ்விளைஞர் நாளை எங்கு நின்று, யாருக்காக எழுதுவார் என்பதை அறியார். வட்டுக்கோட்டையாரும் அறியவில்லை.

10. முடிவுரை

ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் முதல் இதழைக் கையில் எடுத்தபோது, அதிலிருந்து நாவலரின் வினா எழும் என்றோ, ஆர்னல்டின் தீபகம் பிறக்கும் என்றோ எண்ணியிருக்க மாட்டார்கள். இருவாரத்திற்குள் அடுத்த இதழை நிரப்ப வேண்டுமே என்னும் கவலையே அவர்களுக்கு மிகுதியாயிருந்திருக்கும். பத்திரிகை நடத்திய எவருக்கும் அக்கவலை தெரியும். அக்கவலையை உண்மையோடு சுமந்த இளைஞரால் ஒரு மக்களின் மொழி செய்தி சொல்லக் கற்றுக்கொண்டது. இவ்விதழைக் கையிலேந்தும் மாணவருள் யாரேனும் தம் சேகரத்திற்குச் சென்றபின் நான்கு பக்க மாத இதழொன்றைத் தொடங்குவாராயின், முதற்கட்டுரையை எழுதுமுன், அதில் குறிப்பிடப்படுவோர் வீட்டுக்கு ஒருமுறை நடந்து சென்று அவர்கள் சொல்வதைக் கேட்டு வருவாராக. அங்கிருந்துதான் இத்தொழில் தொடங்குகிறது.